தராசக்கா நிற்கப் பழகிய கதை

அன்றைக்கு அவள் கையில் இருந்தது துணிமூட்டை. சலவையிலிருந்து வந்த சின்னச் சின்ன விரிப்புகள், முப்பது நாற்பது இருக்கும். மார்போடு அணைத்துக்கொண்டு வார்டின் கோடியில் இருந்த துணி அறைக்குள் நுழைந்து வலப்பக்கம் திரும்பினாள். திரும்பியதுதான் தெரியும். கதவு நிலை சாய்ந்தது, அலமாரி சாய்ந்தது, தரை எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தது. கண் திறந்தபோது விரிப்புகள் மேலேயும் கீழேயும் இறைந்து கிடந்தன. வாயில் ரத்தச் சுவை. யாரும் பார்க்கவில்லை.

அடிபட்ட வலி அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது வேறு. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் இதே கைகளில் பிறந்து ஒன்பது மணி நேரமான பெண் குழந்தை ஒன்று இருந்தது.

விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள். முகத்தைக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறந்த குழந்தைகள் வார்டில் அவள் இருபத்தேழு வருஷமாக நர்ஸ். வயது ஐம்பத்திரண்டு. குழந்தையைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் "ரெண்டு எழுநூறு" என்பாள். எடை மேடையில் கிடத்தினால் அதையேதான் காட்டும். அதனால் கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் தராசக்கா. பெற்றவர்கள் வைத்த பேரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

அப்படி விழுவதற்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் போனது, ஆனால் போகும்போது சும்மா போகவில்லை. ஒரு வாரம் கட்டில் சுழன்றது, கூரை சுழன்றது, கண்ணை மூடினால் இருட்டும் சுழன்றது. காது டாக்டர் சோதித்துவிட்டு ஒரு தாளில் நத்தை மாதிரி எதையோ வரைந்து காட்டினார்.

"உள்காதுலதான் நாம எந்தப் பக்கம் சாயறோம்னு மூளைக்குச் சொல்ற உறுப்பு இருக்கு. உங்களுக்கு வலது பக்கம் அந்த நரம்பு போயிருச்சு."

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"அது சரியாகாதும்மா. ஒத்தக் காதை வச்சு சமாளிக்க மூளை பழகிக்கணும். பெரும்பாலானவங்களுக்குப் பழகிடும். கொஞ்சப் பேருக்கு இழுக்கும்."

மறுபடி வேலைக்குச் சேரலாம், சில மாதங்களுக்குப் பளு தூக்க வேண்டாம் என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். அதை அவள் பேருந்தில் இரண்டு முறை படித்தாள். மூன்று கிலோ குழந்தை என்ன பளுவா? பளு என்றால் அரிசி மூட்டை, இரும்புக் கட்டில். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வார்டின் தலைமை நர்ஸிடம் சான்றிதழை மடித்து நீட்டி, "காய்ச்சல் போயிருச்சு" என்று மட்டும் சொன்னாள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தம்மாள் மடிப்பைப் பிரிக்காமலே கோப்பில் சொருகினாள்.

துணி அறையில் விழுந்த பிறகு அவள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தாள். குழந்தைகளைச் சக்கரத் தொட்டிலில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சுவரில் சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒருவரும் அதைச் சட்டை செய்வதில்லை. அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். அவள் திடீரென்று சட்டத்தின்படி நடக்கத் தொடங்கினாள். பத்தடி தூரமானாலும் சக்கரத் தொட்டில்.

"என்னக்கா, பதவி உயர்வுக்கு அடி போடுறீங்களா?" என்று சின்ன நர்ஸ்கள் கேலி செய்தார்கள்.

அவளும் சிரித்தாள். தொட்டிலின் கைப்பிடியை அவள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறாள் என்று யாரும் பார்க்கவில்லை. அந்தத் தொட்டில் குழந்தைக்காக இல்லை, அவளுக்காக.

பிசியோதெரபிக்குப் போனாள். ஒரு சின்னப் பெண் இரண்டு மாதம் தலையை ஆட்டச் சொன்னாள், கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள், சுவரில் ஒட்டிய ஒரு எழுத்தை முறைக்கச் சொன்னாள். கொஞ்சம் தேறியது, அப்புறம் சகதியில் மாட்டிய சக்கரம் மாதிரி அதே இடத்தில் நின்றுவிட்டது.

"என்னால ஆனது இவ்வளவுதான்க்கா," என்றாள் அந்தப் பெண். "இனிமே நிதானமா, எடையை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாத்தி மாத்தி நிக்கிற மாதிரி ஏதாவது தினமும் பழகுங்க. தாய் சீன்னு சீனாக்காரங்க மெதுவா அசைஞ்சு செய்யற பயிற்சி, கேள்விப்பட்டிருக்கீங்களா? சிலருக்கு நல்லா உதவுது. ஆனா ஒழுங்கா சொல்லிக்கொடுக்கிறவங்களா பாத்துச் சேருங்க."

"ஒழுங்கானவங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அடுத்த நோயாளி கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். "போய்ப் பாத்தா தெரியும்க்கா," என்றாள் அந்தப் பெண், பாதி திரும்பியபடி.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறார். மகன் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். மனைவிக்குத் தலைசுற்றல் என்று அவருக்குத் தெரியும். அவள் விழுந்தது தெரியாது.

"தாய் சேய் வார்டுல இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியாச்சு, இப்ப தாய் சீயா? அடுத்து என்ன, தாய் தகப்பனா?"

"விளையாடாதீங்க."

அவள் குரலில் ஏதோ இருந்தது. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள், கதவு நிலையைத் தொட்டுக்கொண்டே.

முதலில் அகப்பட்டது ஒரு பெரிய கூடம். நாற்காலி மேசை விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. சுவர் நிறையக் கண்ணாடி, நாற்பது பேர், முன்னால் வெண்பட்டு உடுப்பில் ஒரு மாஸ்டர். தண்ணீர் வழிவது மாதிரி அவர் அசைந்தார். பார்க்கக் கண் கொள்ளாது. முதல் நாளே பதினெட்டு அசைவுகள். அவள் கடைசி வரிசையில் நின்று முன்னால் இருப்பவர்களைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டினாள். ஐந்தாவது அசைவில் எல்லோரும் பின்பக்கம் திரும்பினார்கள். இப்போது அவள்தான் முதல் வரிசை. பார்க்க ஒருவரும் இல்லை. கண்ணாடியில் நாற்பது உருவங்கள் மிதந்தன, அவற்றோடு சுவரும் மிதந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்குக் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பு முடிந்து மாஸ்டரிடம் போய், "எனக்குக் காதுல ஒரு பிரச்சினை இருக்கு" என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காதுல ஒண்ணும் இல்ல. சக்தி அடைச்சிருக்கு. முழங்காலை இன்னும் மடக்குங்க, இன்னும் தாழ நில்லுங்க. மூணே மாசம், நீங்களே பாருங்க."

நரம்பு போய்விட்டதைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மூழ்குகிறவளுக்குத் துரும்பு கிடைத்தால் அது துரும்பா கட்டையா என்று பார்க்கத் தோன்றாது. ஐந்து வாரம் போனாள். தாழ நின்றாள். முழங்கால் இரண்டும் பன்ரொட்டி மாதிரி வீங்கின. வார்டில் படுக்கைக்குப் படுக்கை நடக்க முடியவில்லை. மாஸ்டருக்கு அந்த ஐந்து வாரத்தில் அவள் முகம்கூடப் பழகவில்லை, கடைசி நாளும் "புதுசா வந்தவங்களா?" என்று கேட்டார்.

அடுத்தது செல்போன். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் கடற்கரையில் நின்று செய்வதைப் பார்த்துச் செய்தாள். அவர் இடது கை என்றால் இவளுக்கு எது இடது? அவர் சொல்வதைக் கேட்டால் பார்க்க முடியவில்லை, பார்த்தால் கேட்க முடியவில்லை. இவள் தப்பாகச் செய்வது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே "அருமை, மிக அருமை" என்றார். அவர் அருமை என்று சொன்ன நொடியில் இவள் பீரோ கதவில் போய் மோதினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த கணவரிடம், "கால் தடுக்கிருச்சு" என்றாள்.

மூன்றாமவர் பூங்காவில் இருந்தார். முன்பு குத்துச்சண்டையோ என்னவோ போட்டவர். கழுத்தே இல்லாமல் தோளில் தலை வைத்த மாதிரி இருப்பார். விடியற்காலையில் நாலைந்து பேரை ஒருவரை ஒருவர் தள்ளப் பழக்குவார், அதுவும் தாய் சீதானாம். அவரிடமும் காது விஷயத்தைச் சொன்னாள். இவர் காதுகொடுத்துக் கேட்டார். அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"பயம்தாம்மா உங்க வியாதி. பயத்தை உடைச்சா எல்லாம் சரியாயிரும். கண்ணை மூடுங்க."

கண்ணை மூடினால் தனக்கு மேல் கீழ் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து மாதமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிருந்தது. ஒருவேளை பயம்தானோ என்று ஒரு நப்பாசை. மூடினாள். அவர் இரண்டு விரலால்தான் தள்ளினார்.

இடது மணிக்கட்டு எலும்பில் கீறல். கட்டுப் போட்டார்கள். "குளியலறையில வழுக்கிருச்சு" என்று தலைமை நர்ஸிடம் சொல்லி மூன்று வாரம் விடுப்பு எடுத்தாள். அந்த மூன்று வாரமும் அவள் வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். ஓய்வு பெற எட்டு வருஷம் இருந்தது. வார்டைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. வேறு எதிலும் பிடிப்பும் இல்லை. குழந்தையைக் கையில் வாங்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் காலையில் எழுந்துகொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அதை விட்டுவிட்டு என்ன செய்வது? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் அவள் நினைப்பு போகாது. போகவிட மாட்டாள்.

கட்டு அவிழ்த்து வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள் அது நடந்தது.

எடை பார்க்கும் அறை. இரண்டு நாளான ஆண் குழந்தை. தாய் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தராசக்கா குழந்தையை மேடையிலிருந்து தூக்கினாள். தொட்டில் வலப்பக்கம் இருந்தது. திரும்பினாள்.

அறை மெதுவாகச் சாயத் தொடங்கியது. இந்த முறை அவளுக்கு ஒரு நொடி கிடைத்தது. முதுகைச் சுவரில் சாய்த்து, குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்தி, சுவரை உரசிக்கொண்டே சரசரவென்று கீழே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கால்கள் முன்னால் நீண்டன. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, கொட்டாவி விட்டது.

"சிஸ்டர்! என்னாச்சு சிஸ்டர்?" தாய் அலறினாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வாங்கிக்கோங்க," என்றாள் தராசக்கா. "என் கையில இருந்து குழந்தையை வாங்கிக்கோங்க. சீக்கிரம்."

அதற்குப் பிறகு அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்க விரும்பவும் இல்லை. நேரே தலைமை நர்ஸின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துணி அறை, சக்கரத் தொட்டில், மணிக்கட்டு, எல்லாம்.

தலைமை நர்ஸ் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பிறகு கோப்பை எடுத்து அந்தச் சான்றிதழை முதல் முறையாகப் பிரித்துப் படித்தாள்.

"ஆறு மாசம்," என்றாள். "ஒரு நாளைக்குப் பத்துக் குழந்தை தூக்குவியா?"

"தொட்டில்லதான்..."

"தூக்கித்தானே தொட்டில்ல வைப்ப? கணக்குப் போடு. எத்தனை தடவை?"

அவள் போடவில்லை.

"உன்னைத் திட்ட எனக்கு வாய் வரல," என்றாள் தலைமை நர்ஸ். "நான் இதைப் பிரிச்சுப் படிச்சிருக்கணும். நான் படிக்கல. அதுக்கு என்னை யார் திட்டறது? போ. நாளையிலிருந்து கீழ பதிவேட்டு அறை. வார்டுக்குள்ள வராத."

பதிவேட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. பிறந்த குழந்தைகளின் தாள்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். மூன்று கிலோ, இரண்டு எண்ணூறு, எல்லாம் எழுத்தாக வந்து விழும். பதினோரு நாள் போனாள். பன்னிரண்டாம் நாள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். ஆடை படிந்து ஆறிப்போனது. சாயங்காலம் கடையிலிருந்து வந்து பார்த்தால் கோப்பை அதே இடத்தில், அவளும் அதே இடத்தில்.

"எந்திரிம்மா. ரெண்டு வாய் சாப்பிடு."

"நான் ஒரு குழந்தையைக் கொன்னிருப்பேன்."

"கொல்லலையே."

"அது என் சமத்தா? அது அந்தக் குழந்தையோட ஆயுசு."

வாயைத் திறந்தால் வேடிக்கைப் பேச்சு கொட்டும் மனிதர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நான் போய்ப் பாக்கட்டுமா?"

"எதை?"

"சொல்லிக்கொடுக்கிற ஆளை. நீ கத்துக்கப் போன. கத்துக்கப் போறவங்களுக்கு மாஸ்டர் சொல்றதெல்லாம் வேதமாத்தான் தெரியும். நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வரேன்."

"வேண்டாம். இனிமே யார்கிட்டயும் போகமாட்டேன்."

அவர் வாதாடவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுப் போனார். எங்கே என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு இடம் பாத்தேன். ஒரு இடத்துல உள்ளயே விடல, வேடிக்கை பாக்கக் கூடாதாம். இன்னொரு இடத்துல அந்த ஆள் தன்னைத்தான் கண்ணாடியில பாத்துக்கிறான், கத்துக்கிறவங்களைப் பாக்கவே இல்ல. மூணாவது, நூலகத்துக்குப் பின்னாடி ஒரு அறை. ஒரு பொம்பள. டவுன் பஸ் ஓட்டுறாங்களாம். ஏழே பேர். ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு நாற்காலி."

அவள் திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தருக்கு முழங்கால் வலிச்சுது. அந்தம்மா வகுப்பையே நிறுத்திட்டுக் கீழ உக்காந்து அவர் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாத்தாங்க. அப்புறம் நான் வெளிய வந்து கேட்டேன், எங்க வீட்டுக்காரிக்கு ஒரு காது நரம்பு போயிருச்சு, இதுல சரியாகுமான்னு. என்ன சொன்னாங்க தெரியுமா?"

"என்ன?"

"'தெரியாது'ன்னாங்க. 'காது திரும்ப வராது. விழறது குறையலாம், எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டுட்டு வாங்க'ன்னு சொன்னாங்க. ஏம்மா, இத்தனை பேர்ல ஒரு ஆளுக்காவது தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கே!"

அவள் போனாள், நம்பிக்கையோடு இல்லை. அவர் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு அலைந்திருக்கிறார் என்பதற்காகப் போனாள்.

டிரைவரம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. பணி உடுப்போடு வந்திருந்தாள். செருப்பை மட்டும் கழற்றியிருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் முதுகு போய், வலி தாளாமல் தாய் சீக்கு வந்தவள். பதினான்கு வருஷமாகக் கற்கிறாள், நாலு வருஷமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். முதலில் கேள்வி கேட்டாள். எந்தக் காது? எந்தப் பக்கம் திரும்பினால்? இருட்டில் எப்படி? கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அக்கா, நான் உங்களைக் கண்ணை மூடச் சொல்லமாட்டேன். வேற யாராவது சொன்னாலும் மூடாதீங்க. சுத்துற மாதிரி இருந்தா என்னைக் கேக்கவே வேண்டாம், பின்னாடி நாற்காலி இருக்கு, உக்காந்துருங்க. சரியா?"

தராசக்கா தலையாட்டினாள்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் அவள் செய்தது ஒன்றே ஒன்று. நாற்காலி முதுகில் விரலை வைத்துக்கொண்டு, எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றுவது. மறுபடி வலதிலிருந்து இடதுக்கு. கை அசையவில்லை. திரும்பவில்லை. மறுவகுப்பிலும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. மற்ற ஏழு பேரும் கையை மேகம் மாதிரி நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் வாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குத்தானா நான் வந்தேன்? இது ஒரு வயசுக் குழந்தை பண்றது!"

டிரைவரம்மா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆமாக்கா. அதான் பண்றோம். உங்க எடை முழுசா வலது காலுக்கு வரவே இல்ல, கவனிச்சீங்களா? பாதி வழியில பயந்து திரும்பிடுது. அது வர்ற வரைக்கும் நான் அடுத்தது சொல்லித்தரமாட்டேன். சொல்லித்தந்தா நீங்க விழுவீங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"தெரியாதுக்கா."

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். ஆறு மாதம் தொலைத்தாகிவிட்டது, இன்னும் நிற்கவே தெரியவில்லை. கணவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்வாங்க," என்றார். "அடி வைக்கவே விடமாட்டேங்கிறாங்களே, என்ன பண்ண?" என்று அவள் விம்மலுக்கிடையே கத்தினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும், அழுகையோடே.

எடை வலது காலுக்கு முழுசாக வந்தது மூன்றாம் மாதம். ஐந்தாம் மாதம் ஒரு காலை முன்னால் எடுத்து வைக்கச் சொன்னாள் டிரைவரம்மா. குதிகாலை முதலில், எடை வைக்காமல், வெறுமனே. எட்டாம் மாதம் வலப்பக்கம் திரும்பினாள். முதலில் பாதம், பிறகு இடுப்பு, கடைசியில்தான் தலை. அறை லேசாக ஆடியது, ஆனால் அவள் கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் இரண்டு முறை வீட்டில் விழுந்திருந்தாள். ஒருமுறை சளி பிடித்து எல்லாம் பழையபடி சுழல, ஒரு மாதம் பின்னுக்குப் போனாள். வருகிறதும் போகிறதுமாகத்தான் இருந்தது. இதற்கிடையில் பதிவேட்டு அறையில் தாள்கள் அடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தன.

ஒரு வருஷம் கழித்துக் காது டாக்டர் மறுபடி சோதித்தார். "நல்லா சமாளிக்கிறீங்க. இதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதீங்க," என்றார்.

"குழந்தையைத் தூக்கலாமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "உக்காந்துகிட்டு தாராளமா தூக்கலாம். நின்னுகிட்டு, நடந்துகிட்டுன்னா, நான் எழுதித் தரமாட்டேன்."

அந்தச் சான்றிதழை அவள் மடிக்காமல் கொண்டுபோய்த் தலைமை நர்ஸின் மேசையில் விரித்து வைத்தாள். அந்தம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எழுந்து வெளியே வந்து, "அந்தக் கோடி வரைக்கும் நடந்து திரும்பி வா, பாக்கலாம்," என்றாள். தராசக்கா நடந்தாள். கோடியில் வலப்பக்கமாகத் திரும்பும்போது உடம்பு ஒரு நூல் தடுமாறியது; பாதம் தானாகப் போய் ஊன்றியது. திரும்பி வந்தாள்.

"ஆடின."

"ஆமா. விழல."

தலைமை நர்ஸ் வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "குறைமாசக் குழந்தைங்களுக்குப் பாலாடையில பால் புகட்ட ஆள் பத்தல. நாற்காலியில உக்காந்து செய்யற வேலை. குழந்தையை இன்னொருத்தர்தான் கொண்டுவந்து மடியில வைப்பாங்க, எடுத்துட்டுப் போவாங்க. குழந்தையோட நீ எந்திரிச்சேன்னு ஒரு தடவை கேள்விப்பட்டாலும் போதும், மறுபடி கீழதான். சம்மதமா?"

அவள் நினைத்தது இது இல்லை. ஒரு வருஷமாக அவள் கனவில் நடந்துகொண்டுதான் இருந்தாள், கையில் குழந்தையோடு. அந்தக் கனவு அங்கேயே, அந்த நடையிலேயே முடிந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்மதம்," என்றாள்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் இப்போதும் நூலகத்துக்குப் பின்னால் போகிறாள். டிரைவரம்மாவுக்குப் பணி நேரம் மாறும்போது வகுப்பு நடக்காது. அப்போது வீட்டில் நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு தனியாகச் செய்கிறாள். மழைக்காலத்தில், சளி பிடித்தால், இன்னும் சுவரைத் தேடுகிறாள். வலது காது செத்தது செத்ததுதான்.

வார்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஒரு தாய், கட்டிலில் படுத்தபடியே அவளைக் கூப்பிட்டாள். ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை. அடுத்த அறையில் வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருந்தது.

"சிஸ்டர், நீங்கதானே பால் குடுக்கிறீங்க? போறப்போ அப்படியே கொஞ்சம் தூக்கிட்டு வந்து காட்டக் கூடாதா? பக்கத்து அறைதானே."

தராசக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு முன் எந்தத் தாயிடமும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நான் நின்னுகிட்டு குழந்தை தூக்கறதில்லம்மா. எனக்குத் தலை சுத்தும், விழுந்துருவேன். வேற சிஸ்டரைக் கொண்டுவரச் சொல்றேன்."

அந்தப் பெண் அவளை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முக்கி முனகிக் கால்களை ஒரு பக்கமாக மடக்கி, கட்டிலில் இடம் பண்ணினாள்.

"அப்ப ஏன் நின்னுகிட்டே இருக்கீங்க? உக்காருங்க சிஸ்டர்."

அவள் உட்கார்ந்தாள்.